இருவர் எடை

வெயிட் மெஷின் நூற்று நான்கு என்றது. அவன் இறங்கி, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டு மறுபடி ஏறினான்.

நூற்று நான்கு.

"இன்னொரு தடவை ஏறு. பாவப்பட்டுக் குறைச்சுக் காட்டினாலும் காட்டும்" என்றாள் அக்கா.

அக்காவுக்கு நாலு தெரு தள்ளித் தையல் கடை. ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வருவாள். வந்தால் வாய் சும்மா இருக்காது.

அவனுக்குக் கயிற்றில் வேலை. உயரமான கட்டடங்களின் வெளிச்சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது. மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, அதில் தொங்கிக்கொண்டு மாடி மாடியாக இறங்க வேண்டும். இடுப்பில் மாட்டும் பெல்ட்டில் 'நூறு கிலோ வரை' என்று அச்சடித்திருக்கும். இத்தனை வருஷமாக அதை யாரும் படித்ததில்லை. புதிதாக வந்த சூப்பர்வைசர் படித்துவிட்டார்.

ஒன்றாம் தேதிக்குள் நூறுக்குக் கீழே வர வேண்டும். வராவிட்டால் கயிறு கிடையாது. கீழே நின்று பெயிண்ட் கலக்கலாம், பாதிக் கூலிக்கு.

இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது.

மூன்று மாதமாக அவன் வேலையிடத்தில் லிஃப்டைத் தொடவில்லை. காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, இருபது மாடியும் படியில்தான். டீயில் சர்க்கரை இல்லை. தன் கையால் வாயில் போட்டதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி, எதிரே கலோரி போட்டு வைத்தான். அவித்த முட்டை எழுபத்தெட்டு. வெள்ளரிக்காய் பதினைந்து. எந்த நாளும் ஆயிரத்து நானூறைத் தாண்டியதில்லை. முதல் மாதம் இரண்டு கிலோ இறங்கியது. அப்புறம் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது.

அந்த நோட்டில் எழுதியிருந்த ஒரு வரிகூடப் பொய் இல்லை.

அக்கா அதைப் புரட்டினாள். "பிஸ்கட் கவரை மோந்து பாத்தாக்கூட எழுதுவ போல. அப்புறம் எங்கிருந்துடா ஒட்டுது?"

"உடம்பு வாகுக்கா."

"யாரு வாகு? அப்பாவப் பாரு, ஈர்க்குச்சி."

அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். அவர் பேச்சை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது.

அவரால் நிற்க முடியாது. அதனால் மாதம் ஒருமுறை அவன் அவரைத் தூக்கிக்கொண்டு மெஷினில் ஏறுவான். வருகிற எண்ணில் தன் எடையைக் கழித்தால் மிச்சம் அப்பா. அதை அப்பாவின் நோட்டில் எழுத வேண்டும். மூன்று வேளையும் அவன்தான் ஊட்டுவான், மதியம் வேலையிலிருந்து ஓடி வந்தாவது. அவர் வேளைக்கு எவ்வளவு சாப்பிட்டார் என்பதும் அதே நோட்டில்தான். செவ்வாய்க்கிழமை வரும் நர்ஸ் அதைத்தான் வாங்கிப் பார்ப்பார். நாற்பதுக்குக் கீழே போனால் கூட்டி வந்துவிடுங்கள், மூக்கில் குழாய் போட்டுவிடலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

போன முறை பதினோரு நாள் குழாய் போட்டார்கள். அப்பா பிடுங்கிப் பிடுங்கி எறிந்தார். கடைசியில் இரண்டு கையையும் கட்டிலோடு கட்டிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தது அக்காதான். பதினோரு நாளும் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததும் அவள்தான்.

எப்போதும் தனியாகத் தூக்கி, தனியாகப் பார்த்து, அவனே எழுதிவிடுவான். இன்று அக்கா பேனாவை எடுத்துக்கொண்டாள்.

"தூக்கு. நான் பாத்து எழுதறேன்."

"அப்புறம் பாத்துக்கலாம்."

"தூக்குடா."

தூக்கினான். இருபது லிட்டர் டின்னோடு படி ஏறிப் பழகிய கைக்கு அது ஒரு பாரமே இல்லை.

நூற்று நாற்பத்தொன்று.

அக்கா விரல்விட்டுக் கழித்தாள். சரியாக வரவில்லை என்று நினைத்து மறுபடி கழித்தாள். முப்பத்தேழு. போன மாதத்துக்கு எதிரே நாற்பத்திரண்டு என்று இருந்தது.

பக்கத்தைத் திருப்பினாள். காலை ஓட்ஸ் கஞ்சி, முழுதும். மதியம், முழுதும். இரவு, முழுதும். முப்பது நாளும் தம்பியின் கையெழுத்தில் முழுதும், முழுதும்.

இரண்டு நோட்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அந்தக் கஞ்சி ஒரு கிண்ணம் எத்தனை கலோரி?"

"முந்நூத்தி இருபது."

யோசிக்காமல் சொல்லிவிட்டான்.

அப்பாவைப் படுக்க வைத்தான். போர்வையை இழுத்துவிட்டான். வேறு வேலை இல்லாததால் இன்னொரு முறை இழுத்துவிட்டான்.

"மூணு ஸ்பூன் உள்ள போகும். அதுக்கு மேல வாயத் தொறக்க மாட்டார்" என்றான். "ஸ்பூனைப் பிடுங்கி எனக்கு ஊட்டறார். நான் வாங்குற வரைக்கும் கைய இறக்கறதே இல்ல."

அக்கா கட்டிலைப் பார்த்தாள். போர்வைக்கு வெளியே அப்பாவின் மணிக்கட்டு நீட்டிக்கொண்டிருந்தது.

திட்டப் போகிறாள் என்று அவன் காத்திருந்தான். ஆஸ்பத்திரிக்கு ஃபோன் போடுவாள் என்றும் நினைத்தான்.

"ஒரு மணிக்குக் கடையச் சாத்திட்டுத் தினமும் வரேன். மத்தியானம் அவர் எனக்கு ஊட்டட்டும். அந்தக் கிண்ணம் இனிமே என் பங்கு" என்றாள். "நீ கயித்துல ஏறியாகணும்."

பிறகு அப்பாவின் நோட்டை மடியில் வைத்துத் தேதி போட்டாள். போன மாதத்து எண்ணையே எழுதப் போனவள், நர்ஸுக்குச் சந்தேகம் வரும் என்று பட்டதால், நாற்பத்தொன்று என்று எழுதினாள்.