உடையாத கண்ணாடி

"டீச்சர், பூமி நகருதா இல்லையா? முடிவாச் சொல்லிட்டா, பரீட்சையில அந்தக் கேள்வியை விட்டுடுவோம்!"

கடைசி பெஞ்சிலிருந்து வந்த குரலுக்குப் பத்தாம் வகுப்பே சிரித்தது. புவியியல் டீச்சருக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை. அவளுக்குக் கோபம் வந்தால் பெஞ்சுகூட ஆடும் என்று சொல்லி, பிள்ளைகள் வைத்திருந்த பட்டப்பெயர் 'பூகம்பம்'. அந்தப் பெயரைக் கெடுத்துக்கொள்ள அவளுக்கு மனமில்லை.

எல்லாம் பின்சுவரில் ஒட்டியிருந்த விரல் நீளக் கண்ணாடித் துண்டால் வந்த வினை.

மாதத் தொடக்கத்தில் புவித்தட்டுகள் பாடம் எடுத்தாள். இரண்டு மேசைகளை ஒட்டிப் போட்டு, குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு இழுத்து, ஒன்றை மட்டும் மெல்லத் தள்ளினாள். கோடு இரண்டு துண்டாக விலகியது.

"நடுவுல இருக்கிற இந்த இடைவெளிதான் பிளவு. தட்டு ரெண்டும் இப்படித்தான் உரசிக்கிட்டே இருக்கும். நகம் வளர்ற வேகம்தான். கண்ணுக்குத் தெரியாது, ஆனா நிக்கவே நிக்காது."

"கண்ணுக்கே தெரியாததை எப்படி டீச்சர் கண்டுபிடிக்கிறது?" என்று முன்வரிசைப் பெண் கேட்டாள்.

டீச்சர் பின்சுவரைக் காட்டினாள். கூரையிலிருந்து தரை வரைக்கும் ஒரு விரிசல் இறங்கியிருந்தது. ஆய்வகத்திலிருந்து வாங்கிவந்த மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை அதன் குறுக்கே வைத்து, இரண்டு முனைகளிலும் பசை தடவி ஒட்டினாள்.

"விரிசல் தலைமுடி அளவு அகலமானாலும் போதும், இது பட்டுனு ஒடைஞ்சிடும். ஒடைஞ்சா சுவர் நகருதுன்னு அர்த்தம்." பிறகு பட்டப்பெயருக்கு ஏற்ற குரலில், "யாராவது விளையாட்டுக்குக் கை வச்சு இதை ஒடைச்சீங்க, தோலை உரிச்சிடுவேன்!" என்றாள். வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மாவே நடுங்கிப் போனாள்.

பாடத்துக்காக மட்டும் ஒட்டியதல்ல அது. டீச்சருக்கு அந்தச் சுவர்மேல் நம்பிக்கையே இல்லை. வகுப்பை வேறு அறைக்கு மாற்றுங்கள் என்று தலைமை ஆசிரியரிடம் நடையாய் நடந்தாள்.

"பழைய கட்டடம்னா நாலு விரிசல் இருக்கத்தாம்மா செய்யும்" என்றார் அவர். அவள் விடுவதாயில்லை. கடைசியில், "சரி, மாசக் கடைசிக்குள்ள உங்க கண்ணாடி ஒடைஞ்சா, அன்னிக்கே வகுப்பை மாத்திடறேன். ஒடையலேன்னா நீங்க சுவர்ப் பேச்சையே எடுக்கக் கூடாது. உங்க வகுப்புக்கு மேல இருக்கிற மாடி அறைக்கு லைப்ரரியைக் கொண்டுபோகப் போறேன்" என்று முடித்துவிட்டார்.

இன்றுதான் மாதக் கடைசி. கண்ணாடி நேற்று ஒட்டியதுபோலப் பளபளவென்று இருந்தது.

"சுவர் பாஸ், டீச்சர் பெயில்!" என்றான் கடைசி பெஞ்சுக்காரன்.

"வந்து வச்சுக்கறேன் உன்னை" என்று சொல்லிவிட்டு டீச்சர் தலைமை ஆசிரியரின் அறைக்குப் போனாள்.

"தோத்துட்டேன் சார். ஒரு கீறல்கூட விழல."

அவர் குத்திக்காட்டவில்லை. "இதுல தோத்தா சந்தோஷப்படணும்மா. பிள்ளைங்க பத்திரமா இருக்காங்கன்னு தெரிஞ்சுதே. இனிமேலாவது நிம்மதியாத் தூங்குங்க" என்றார். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, லைப்ரரி அலமாரிகளோடு கீழே காத்திருந்த ஆட்களிடம், "ஏத்துங்கப்பா!" என்று குரல் கொடுத்தார்.

டீச்சருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. இத்தனை நாளும் வீணாகப் பயந்து, அந்த நல்ல மனிதரையும் படுத்தியிருக்கிறோமே என்று நினைத்துக்கொண்டே படி இறங்கினாள்.

எதிரே வந்த உயிரியல் ஆசிரியர் அவளை நிறுத்தினார். "உங்களுக்கு ஒரு கண்ணாடித் துண்டு கொடுத்தாலும் கொடுத்தேன், மீதியெல்லாம் டப்பாவோட காணாமப் போயிடுச்சு. உங்க வாலுங்களைக் கொஞ்சம் விசாரிங்க."

"இன்னிக்கே விசாரிக்கிறேன் சார்" என்றாள் டீச்சர். கடைசி பெஞ்சுக்காரன் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

வகுப்பை நெருங்கும்போது மேலே இரும்பு அலமாரிகளைத் தரையோடு இழுக்கும் சத்தம் கேட்டது. உள்ளே பிள்ளைகள் அதற்கு ஏற்றாற்போல மேசையைத் தட்டிக் கொட்டமடித்துக்கொண்டிருந்தார்கள். வாசலருகே ஆயாம்மா முந்தானைக்குள் எதையோ மறைத்துக்கொண்டு நின்றாள்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லுங்க ஆயாம்மா."

ஆயாம்மா மறைத்து வைத்திருந்ததை வெளியே எடுத்தாள். ஆய்வகத்துக் கண்ணாடி டப்பா. காலியாக இருந்தது.

"நீங்களா எடுத்தீங்க? எதுக்கு?"

"தப்புதான். எதுவா இருந்தாலும் என்னைத் திட்டுங்க, புள்ளைங்களை ஒண்ணும் பண்ணிடாதீங்க. பாவம், விளையாட்டுப் புத்தி" என்றாள் ஆயாம்மா. "சாயங்காலம் பந்து கிந்து படுதோ என்னவோ, ரெண்டு நாளைக்கு ஒருதரம் காலையில கதவைத் தொறந்தா உங்க கண்ணாடி ஒடைஞ்சு கிடக்கு. தோலை உரிச்சிடுவேன்னு சொன்னீங்களேன்னு பயந்துபோய், நான்தான் யாருக்கும் தெரியாம புதுசு ஒட்டி வச்சுக்கிட்டு இருந்தேன்."

"எல்லாரும் வெளிய ஓடுங்க!" என்று அலறிக்கொண்டு டீச்சர் வகுப்புக்குள் பாய்ந்தாள்.