நோ சாய்ஸ் லா

"ஏன் ரமணி, இன்னைக்கும் லேட்டு?"

பள்ளி வேன் ஓட்டும் ரமணி கண்ணாடியைப் பாதிதான் இறக்கினாள்.

"நோ சாய்ஸ் லா, அக்கா."

நளினிக்குச் சுருக்கென்றது. மலேசியாவின் இந்தச் செர்டாங் ஊரில் இந்த வார்த்தை இல்லாத வாய் கிடையாது. மழை பெய்தால் நோ சாய்ஸ். மீன் விலை ஏறினால் நோ சாய்ஸ். மருமகள் தனிக்குடித்தனம் போனாலும் நோ சாய்ஸ். வேறு வழியில்லை என்று இப்படிச் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் கேட்பதில்லை.

நளினி கேட்டாள்.

"டயர் பஞ்சரா?"

"இல்லக்கா."

"ரோட்டுல ஜாமா?"

"விடுங்களேன் அக்கா."

வேன் கிளம்பிவிட்டது. ஏழு வயது ரூபினி அம்மாவைப் பார்க்காமலே உள்ளே ஓடினாள்.

நாலு வீடு தள்ளி இருக்கும் புஷ்பவள்ளியிடம் நளினி விசாரித்தாள்.

"உங்க மகன் எத்தனை மணிக்கு வர்றான்?"

"ஒன்றரைக்கு டாண்ணு வந்துருவானே!"

ஒரே வேன். ஒரே தாமான் குடியிருப்பு. ரூபினி வருவதோ ரெண்டேகாலுக்கு. நாலு வீட்டைத் தாண்ட முக்கால் மணி நேரமா?

"காலம் கெட்டுக் கெடக்கு நளினி. பொம்பளப் புள்ள. சும்மா விட்டுறாத," என்றாள் புஷ்பவள்ளி.

சோறு போடும்போது மகளிடம் கேட்டாள். "ரமணிக்கா உன்னை எங்க கூட்டிட்டுப் போறாங்க?"

"எங்கயும் இல்லம்மா."

ரூபினி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். வாயில் வைக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை நளினி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கடை முனையில் காத்திருந்தாள். வேன் வந்தது. புஷ்பவள்ளி மகனை இறக்கிவிட்டது. நளினியின் வீட்டுப் பக்கம் போகாமல், திரும்பித் தோட்டத்துச் சாலையில் போனது.

நளினி பின்தொடர்ந்தாள்.

செம்பனை மரங்களுக்கு நடுவே, பழைய தொழிலாளர் லயத்துக் கடைசி வீட்டின் முன் வேன் நின்றது. ரமணி ரூபினியின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நளினி கதவை இடித்தாள். கொஞ்ச நேரம் யாரும் திறக்கவில்லை. ஓங்கி ஓங்கி இடித்தாள்.

"திறடி! என் பிள்ளைய என்ன பண்ற?"

கதவு திறந்தது. ரமணியின் கையில் சூடான இஸ்திரிப் பெட்டி. மேசைமேல், அலசிப் பிழிந்த பள்ளிக்கூடக் கவுன், பாதி ஈரத்தோடு. ரூபினி ஓர் ஓரமாக, ரமணியின் தொளதொள சட்டைக்குள் நின்றாள்.

"பள்ளிக்கூட டாய்லெட்டுக்குத் தாழ்ப்பா இல்லக்கா," என்றாள் ரமணி மெல்ல. "புள்ள பயந்துகிட்டு அடக்கிருது. சில நாள் வேன்லயே போயிருது. மத்த பசங்க இறங்குனப்புறம் இங்க என் வீட்டுக்கு வந்து துவைச்சு, காய வச்சு..."

"அதை என்கிட்ட சொன்னா என்ன? நான் அவ அம்மா!"

ரமணி ரூபினியைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லாதீங்கன்னு கையெடுத்துக் கும்பிட்டுச்சு அக்கா. போன மாசம் படுக்கையை நனைச்சதுக்குக் கரண்டியால சூடு வச்சீங்களாமே."

நளினியின் நாக்கு நுனி வரைக்கும் 'நோ சாய்ஸ்' என்ற அந்த ரெண்டு வார்த்தைதான் வந்தது. சொல்ல முடியவில்லை.

தலைகுனிந்து ரமணியிடம் கை நீட்டினாள். "கொடு. மிச்சத்தை நான் தேய்க்கிறேன்."

இஸ்திரிப் பெட்டி அம்மாவின் கைக்கு மாறியதைப் பார்த்ததும், ரூபினி தொடையைப் பொத்திக்கொண்டு ரமணியின் முதுகுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தாள்.

"வேணாம்மா... இனிமே நனைக்க மாட்டேம்மா!"