முதல் கேள்வி

மேனுஷா தன் முதல் ஆய்வுரையை முடித்ததும் அரங்கில் இரண்டு கைகள் உயர்ந்தன. ஒன்று முன்வரிசையில் இருந்த பேராசிரியர் ஹாலமுடையது. அதற்கு ஒரு நொடி முன்னால் உயர்ந்தது சிவகௌரியுடையது.

தலைமை தாங்கியவர் சிவகௌரியைக் காட்டினார்.

"தேம்ஸ் சேற்றில் பிளாஸ்டிக் துகள்கள் என்றீர்கள். மழைக்கு அவை கூடுமா?" என்று ஆங்கிலத்தில் தொடங்கினார் சிவகௌரி. "ஏன் கேட்கிறேன் என்றால், நான் இருப்பது ஸ்ட்ரெதமில். மழை வந்தால் எங்கள் தெருச் சாக்கடை பொங்கிவிடும். கவுன்சிலுக்கு எத்தனை முறை எழுதிவிட்டேன்..."

சாக்கடையிலிருந்து கவுன்சில், கவுன்சிலிலிருந்து குப்பை வண்டி. "கேள்விக்கு வருகிறேன்" என்று சொல்லும்போதெல்லாம் அவர் இன்னொரு தெருவுக்குள் திரும்பினார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

கேள்விக்கென்று ஒதுக்கிய ஐந்து நிமிடமும் போய்விட்டது. ஹாலம் கையை இறக்கிக்கொண்டார்.

தேநீர் இடைவேளையில் மேனுஷா நேரே சிவகௌரியிடம் போனாள். ஆய்வு மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லவென்றே பல்கலைக்கழகம் சம்பளம் கொடுத்து வைத்திருப்பவர் அவர். மேடையில் எப்படிப் பேசுவது, பட்டம் முடிந்தபின் எங்கே வேலை தேடுவது, எல்லாம் அவரைத்தான் கேட்க வேண்டும்.

"அக்கா, இதென்ன வேலை பாத்தனீங்கள்?"

"ஏன் பிள்ளை, நல்லாத்தானே கதைச்சனீர்."

"ஹாலம் கை தூக்கினவர். வாற வருசம் அவற்ர லாப்பில ஒரு வேலை வருது. அவர் ஒண்டைக் கேட்டு நான் மறுமொழி சொல்லியிருந்தா என்ர முகமாவது அவருக்கு ஞாபகம் இருக்கும். நீங்கள் உங்கட தெருச் சாக்கடையைக் கொண்டந்து என்ர தலையில ஊத்திப்போட்டீங்கள்."

"கொஞ்சம் கூடக் கதைச்சிட்டன் போல."

"கொஞ்சமோ? போன முறை அனோஜினி பேசேக்கையும் இதேதானாம். அவளுக்கு உங்கட பஸ் கதை. சனம் என்ன சொல்லுது தெரியுமோ? ஒழுங்கா ஒரு கேள்வி கேக்கத் தெரியாதவ எங்களுக்குப் புத்தி சொல்ல வந்திட்டாவாம்."

"தெரியும்" என்றார் சிவகௌரி.

மேனுஷாவுக்கு இன்னும் எரிச்சல் வந்தது. தெரிந்துமா இப்படி?

"அடுத்தது ஜெஸ்ரின் பேசப்போறான். அவனையாவது விடுங்கோ. உங்களைக் கும்பிட்டுக் கேக்கிறன்."

"மேனுஷா, ஹாலம் வந்து..."

"அவர் கேக்கட்டும் அக்கா. அப்பிடி ஒராள் கேட்டாத்தானே எங்களுக்கும் மதிப்பு. எங்களையும் பெரிய ஆக்களாய் நடத்துங்கோவன்."

சிவகௌரி தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் அப்பிடித்தான் நினைக்கிறீங்களோ?"

"எல்லாரும்தான்."

"ஜெஸ்ரினுமோ?"

"ஓம், அவனும்தான்."

ஜெஸ்ரினிடம் அவள் இதைப் பற்றிக் கேட்டதே இல்லை.

"சரி" என்றார் சிவகௌரி. "நீங்களே வேண்டாம் எண்டா நான் ஆர்?"

ஜெஸ்ரின் லண்டன் குளங்களில் பெருகி ஆட்களைக் கடிக்கும் நுளம்புகளைப் பற்றிப் பேசினான். நன்றாகவே பேசினான். முடித்துவிட்டு அரங்கைப் பார்த்தான். சிவகௌரியின் கைகள் மடியிலேயே இருந்தன.

ஹாலம் எழுந்தார். புன்னகையோடுதான் தொடங்கினார்.

"இத்தனை குறைவான மாதிரிகளை வைத்து ஒரு முடிவுக்கு வரலாம் என்று உங்களுக்கு யார் சொன்னது?"

ஜெஸ்ரின் பதில் சொல்லத் தொடங்கினான்.

"இல்லை, நான் கேட்டது அதுவல்ல. முந்தைய படத்துக்குப் போங்கள். அதை எங்களுக்கு விளக்குங்கள். மெதுவாக. நேரம் இருக்கிறது."

திரையில் படம் இரண்டு தரம் தவறி மாறியது.

"நீங்களே தயாரித்த படம்தானே?"

சிலர் சிரித்தார்கள். தலைமை தாங்கியவர் கடிகாரத்தைப் பார்த்தார், ஹாலமைப் பார்த்தார், குறுக்கிடவில்லை.

"கடைசியாக ஒன்று. இந்தத் துறைதான் உங்களுக்கு ஏற்றது என்று உறுதியாக நினைக்கிறீர்களா?"

ஜெஸ்ரின் தாள்களைச் சுருட்டிக்கொண்டு மேடையை விட்டு இறங்கினான்.

மேனுஷா வெளியே வந்தபோது அவன் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான். அவள் நீட்டிய தண்ணீர்ப் போத்தலை வாங்கிக்கொண்டான்.

"அந்தாள் கிடக்கட்டும். அவர் ஆரைத்தான் விட்டவர்?" என்றான். "சிவகௌரி அக்கா இருக்கிறா எண்ட துணிவிலதான் நான் மேடை ஏறினனான். தன்னை விசரி, பைத்தியம் எண்டு நாலு பேர் சிரிச்சாலும், எப்பவும் முந்திக் கையைத் தூக்கி அந்தாளின்ர நேரத்தை முடிச்சுவிடுறவ. எனக்கு மட்டும் ஏன் தூக்கேல்லை, மேனுஷா? நான் அவவுக்கு என்ன செய்தனான்?"