மீன் வண்டி

மூன்றாவது தடவையாக விநாயகமூர்த்தி வேனின் பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே இரண்டு கோட் அடித்தாயிற்று. ஆனால் ஒரு மழை பெய்தால் போதும், அடியில் இருந்த பர்மிய எழுத்துகள் மறுபடி தலைகாட்டின. குழாயடிக்குப் போன மனைவி வேலம்மா திரும்புவதற்குள் முடித்துவிட வேண்டுமே என்று கை பரபரத்தது.

பார்க்கிறவர்கள் திருட்டு வண்டி என்று நினைத்திருப்பார்கள். திருட்டு வண்டியாக இருந்திருந்தால்கூட மனிதர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

அது பிண வண்டி. ஒரு தர்ம சங்கம் பல வருடம் ஓட்டித் தேய்த்து, கடைசியில் தள்ளிவிட்ட வண்டி.

அறுபத்தெட்டு வயதில் வேனில் குடியிருக்க யாருக்கு ஆசை வரும்? போட்டாதாங்கில் இருந்த அறைக்கு வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை மொத்தமாக முன்கூட்டியே கேட்டார். யாங்கோனில் அதுதான் வழக்கம். துறைமுகக் கிடங்கில் மூட்டை தூக்கி ஓய்ந்தவரிடம் அவ்வளவு ஏது? தாங்குவதற்கு ஒரு மகன் இருந்தான், அழகு. கொரோனா வருடத்தில், இவர் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தபோதே அவன் போய்ச் சேர்ந்துவிட்டான்.

வேலம்மாவின் சங்கிலியை விற்றுக்கொண்டு இருவரும் மாவ்பிக்குப் பழைய வண்டி பார்க்கப் போனார்கள். இருந்ததிலேயே இது ஒன்றுதான் கைக்கு எட்டியது. ஏன் எட்டியது என்பதை வியாபாரி இவர் காதில் மட்டும் சொன்னான். பக்கவாட்டில் இருந்த சங்கத்தின் பெயரை அவனே பெயிண்ட்டால் மறைத்திருந்தான்.

வேலம்மாவிடம் சொல்ல முடியுமா? தெருவில் பிணம் போனாலே குடத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத் தலைக்குக் குளிக்கிறவள். மீன் ஏற்றிய வண்டி என்று சொல்லிவைத்தார். தரையில் நீளமாக ஓடிய இரண்டு இரும்புச் சட்டங்களைக் காட்டி, மீன் பெட்டியைத் தள்ளுவதற்கு என்றார்.

"மீன் வாடையே இல்லையே?" என்று மட்டும் கேட்டாள். இவருக்கு வியர்த்துவிட்டது.

நல்லவேளை, அதற்கு மேல் அவள் துருவவில்லை. பின்பக்கம் போய், குனிந்து நம்பர் பிளேட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். ராசியான நம்பரா என்று கூட்டிப் பார்க்கிறாள் போலும் என்று இவர் நினைத்துக்கொண்டார்.

"இதையே வாங்கிருங்க" என்றாள். குரல் கம்மியிருந்தது. சங்கிலி போன வருத்தம், பாவம்.

கிடங்குச் சுவரோரம் வேனை நிறுத்தி நாலு மாதம் ஆகிறது. உள்ளே பலகை, மெத்தை, ஒரு அடுப்பு, முன்கண்ணாடியில் பிள்ளையார். வருடக்கணக்காகச் சரியாகத் தூங்காதவள், இங்கே வந்த பிறகு படுத்ததும் தூங்கினாள். அவள் தூங்கத் தூங்க இவருக்குத்தான் தூக்கம் போயிற்று.

"அட, இது நான் ஓட்டின வண்டியாச்சே!"

விநாயகமூர்த்தி பிரஷ்ஷோடு திரும்பினார். லுங்கி கட்டிய நடுத்தர வயது ஆள் ஒருவன், வேனின் மூக்கை உரிமையோடு தட்டிக்கொண்டிருந்தான்.

"மெதுவா பேசுப்பா. யாரு நீ?"

"இப்ராஹிம், ஊலே" என்றான், பர்மியத்தில் மாமா என்று அழைத்து. "சங்கத்துல டிரைவரா இருந்தேன். எத்தனை பேரை இதுல சுடுகாட்டுக்குக் கொண்டுபோயிருக்கேன்!" என்றவன், கொடியில் காய்ந்த புடவையைப் பார்த்துத் திகைத்தான். "இதுலயா குடியிருக்கீங்க?"

"என் வீட்டுக்காரிக்குத் தெரியாதுப்பா. தெரிஞ்சா இந்த நிமிஷமே எறங்கிருவா. அப்புறம் எங்களுக்குப் போக்கிடம் கெடையாது. ஒன்னைக் கும்பிடுறேன், போயிரு."

"நான் எதுக்கு ஊலே சொல்லப்போறேன்..." என்று ஆரம்பித்த இப்ராஹிம், அவருக்குப் பின்னால் பார்த்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினான்.

வாளித் தண்ணீரோடு வேலம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. வாளியை இறக்கிவைத்துவிட்டு இப்ராஹிமையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஒரு வாய் டீ குடிச்சிட்டுப் போ தம்பி."

யாருக்கும் கொடுக்காத தன்னுடைய டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். இப்ராஹிம் வாய் வெந்தாலும் பரவாயில்லை என்று குடித்துவிட்டு ஓட்டமும் நடையுமாகப் போனான்.

அவள் அடுப்பில் உலை வைத்தாள், அரிசி களைந்தாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது அவருக்கு.

"வேலம்மா, நான் ஒங்கிட்ட பொய் சொல்லிட்டேன். இது மீன் வண்டி இல்ல. இது வந்து..."

அவள் எழுந்து வந்து அவர் கையிலிருந்த பிரஷ்ஷை வாங்கி டப்பாவுக்குள் போட்டாள். "பெயிண்ட்ட வீணாக்காதீங்க. எனக்கு அன்னைக்கே தெரியும்."

"என்னைக்கு?"

"மாவ்பியில. நம்பரைப் பார்த்ததுமே."

"தெரிஞ்சுமா இதுல படுத்து எந்திரிக்கிறே?"

வேலம்மா பின்கதவில் கையை வைத்தாள். மெதுவாகத் தடவினாள்.

"யாரும் கூட வரக்கூடாதுன்னுட்டாங்க. தெருமுனை வரைக்கும் பின்னாலயே ஓடினேன். இந்த நம்பர் மட்டும்தான் கண்ணுல நின்னுச்சு. நம்ம அழகு போன வண்டிங்க இது."