வில்வீரனுக்கு ஓய்வில்லை

ஞாயிறு மதியம், கீழ்க்கட்டளையில் ஒரு மாடி வீடு. மேஜையில் கற்பனை ராஜ்ஜியத்தின் வரைபடமும் பகடைகளும். ஆளுக்கொரு பாத்திரம் ஏற்று ஆடும் அந்த ஆட்டத்தை நடத்தும் ஜெரூஷாவிடம் தனசேகர் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"என் வில்வீரன் மூணு நாளா காட்டுல நடக்கிறான்மா. படுத்துத் தூங்கினா காயம் ஆறும்னு ரூல் புக்லயே இருக்கு."

"இருக்கு. ஆனா, தூங்க விடலாமா வேணாமான்னு நான்தான் முடிவு பண்ணணும்."

"செத்துடுவான்மா!"

"ஆளாளுக்கு இப்படிக் கேட்டா வேலை எப்படி நடக்கும்? அடுத்த மாசம் பாக்கலாம்."

எங்கேயோ கேட்ட வசனமாக இருக்கிறதே என்று யோசித்தவருக்கு மெல்ல உறைத்தது. வெள்ளிக்கிழமை ஆபீசில் அவள் நீட்டிய இரண்டு நாள் லீவு லெட்டரை நிமிர்ந்துகூடப் பார்க்காமல், மேனேஜர் என்ற முறையில் அவரே சொன்னது.

"சரி, நாளைக்கு லீவு எடுத்துக்கோம்மா."

ஜெரூஷா பகடையைத் தொடவில்லை.

"ஒரு நாள்ல பாதிக் காயம்தான் ஆறும் சார்."