பொரிக்குச் சான்றிதழ் உண்டு

எவர்சில்வர் தட்டை மறுபடியும் கீழே போட்டாள்.

சமையலறையே அதிர்ந்தது. எதிர்வீட்டு ஜன்னலில் யாரோ எட்டிப் பார்த்தார்கள்.

இரண்டடி தள்ளி, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த நாய்க்குட்டி திரும்பவில்லை. தரையில் போய்க்கொண்டிருந்த ஓர் எறும்பையே பார்த்துக்கொண்டிருந்தது.

அவள் சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

அப்போதுதான் பார்த்தது. பார்த்ததும் உடம்பு முழுக்க வாலாட்டியது.

போன வருஷம் பட்டப்பகலில், மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, ஒருவன் பின்னாலிருந்து வந்து அவள் கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினான். அவன் வந்த காலடிச் சத்தம் அவளுக்குக் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் தனியாக மாடிக்குப் போனதில்லை.

கணவன் திரவியம் சரக்கு ரயில் ஓட்டுகிறவன். வேலைக்குப் போனால் மூன்று நாள், சில சமயம் நான்கு நாள். மதுரைக்கு வெளியே, அக்கம்பக்கம் அதிகமில்லாத வீடு. நாய் வேண்டும் என்று அவன்தான் சொன்னான். அசல் ராஜபாளையம். வெள்ளைவெளேரென்று, இளஞ்சிவப்பு மூக்கோடு.

குட்டியோடு ஒரு சான்றிதழும் வந்தது. கெட்டிக் காகிதம். நாய் வளர்ப்போர் சங்கத்தின் முத்திரை. அப்பா, அம்மா, இரண்டு பக்கத்துத் தாத்தா பாட்டி, அவர்களைப் பெற்ற எட்டுப் பேர். எல்லாருமே ராஜா, இளவரசி.

திரவியத்துக்குத் தன் சொந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியாது. சான்றிதழுக்குக் கண்ணாடிச் சட்டம் போட வேண்டும் என்றான்.

குட்டிக்கு அவள் பொரி என்று பெயர் வைத்தாள்.

மூன்று வாரமாக அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

கால்நடை மருத்துவர் குட்டியின் தலைக்குப் பின்னால் சாவிக்கொத்தைக் குலுக்கினார். கை தட்டினார். பிறகு மேஜையில் ஓங்கி ஒரு அடி.

"ரெண்டு காதும் கேக்காதும்மா. பிறவியிலேயே. இந்த வெள்ளைக்கு இது உண்டு."

"பேப்பர் இருக்கு டாக்டர்," என்று அவள் பையிலிருந்து எடுத்து நீட்டினாள்.

அவர் முழுவதும் படித்தார். மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்ல. அப்பன் யாரு, ஆத்தா யாருன்னு சரியாத்தான் இருக்கு. காதுக்குன்னு ஒரு கட்டம் இல்ல, அவ்வளவுதான்."

ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் நாய் வளர்க்கும் சுந்தரமகாலிங்கத்துக்குப் போன் செய்தாள். அவர் கோபப்படவில்லை. மறுக்கவும் இல்லை.

"கூட்டிட்டு வாங்கம்மா. மாத்திக்கிடலாம்."

"இதோட அம்மாவுக்குக் காது கேக்குமா?"



"ஒரு காது நல்லாக் கேக்கும்மா."

ஞாயிற்றுக்கிழமை காரில் போனார்கள். பொரி அவள் மடியில் உட்கார்ந்து, வழி நெடுக ஜன்னல் கண்ணாடியை நக்கிக்கொண்டே வந்தது.

சுந்தரமகாலிங்கம் வாசலுக்கு வந்தார். மரியாதையான மனிதர். மோர் கொடுத்தார். பொரியை அவர் பார்க்கவில்லை.

"பேப்பர் கொண்டாந்தீங்களா?" என்றுதான் முதலில் கேட்டார்.

கூடப் பிறந்ததில் ஒன்று இன்னும் இருக்கிறதாம். அதற்குப் பதிவு செய்யாமல் விட்டுவிட்டாராம். ஒரே தேதி, ஒரே நிறம், அதுவும் ஆண்.

"இந்தப் பேப்பரே அதுக்கு ஆகும். நீங்க வேற எதுவும் செய்ய வேண்டாம்."

அந்தக் குட்டியைத் திறந்து விட்டார். நாக்கைச் சொடுக்கினார். சட்டென்று திரும்பியது. திரவியம் செருப்பைத் தரையில் தேய்த்ததும் காதை விறைத்துக் குரைத்தது.

திரவியத்தின் முகம் மலர்ந்தது. "இது போதும்டி. இது இருந்தா நான் நிம்மதியா வண்டி ஓட்டுவேன்."

அவளுக்கும் அது போதும் என்றுதான் தோன்றியது. மாடியும் கொடிக்கம்பியும் கண்ணில் வந்து போயின.

"அப்ப இது?" என்று மடியிலிருந்ததைக் காட்டிக் கேட்டாள்.

சுந்தரமகாலிங்கம் காலி மோர் டம்ளர்களை எடுத்துக்கொண்டார்.

"அதை நாங்க பாத்துக்கிடுவோம்மா."

"எப்படிப் பாத்துக்குவீங்க?"

"எங்கப்பா காலத்துல இருந்து பாக்குறதுதாம்மா."

தோட்டத்து மூலையில் ஒரு கிணறு இருந்தது. அவள் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

சான்றிதழை எடுத்து அவரிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டார்.

அவள் பொரியைத் தூக்கிக்கொண்டு காருக்கு நடந்தாள்.

"ஏய், அங்க எங்க போற?" திரவியம் பின்னாலேயே ஓடி வந்தான். "இது எதுக்குடி நமக்கு? ஆள் வந்தா இதுக்கு எப்படித் தெரியும்? நாலு நாள் தனியா என்ன பண்ணுவ?"

"தெரியல."

"பேப்பரையாச்சும் திருப்பி வாங்கிட்டு வரேன் இரு."

"வேண்டாம்."

அவன் கொஞ்ச நேரம் வெயிலில் நின்றான். பிறகு வந்து வண்டியை எடுத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூரும் கிருஷ்ணன்கோவிலும் பின்னால் போயின. நாளை காலை அவனுக்கு வேலை. அவளுக்கு ஈரத்துணி ஒரு வாளி இருக்கிறது.

கல்லுப்பட்டி தாண்டியதும் பின்னாலேயே வந்த லாரி ஏர் ஹாரனை அடித்தது. திரவியம் பதறிப்போய் வண்டியை ஓரம் கட்டினான். லாரி உரசுகிற மாதிரி கடந்து போயிற்று.

பொரி அவள் மடியில் தூங்கிக்கொண்டிருந்தது.

அவள் குனிந்து பார்த்தாள். தன் இரண்டு உள்ளங்கைகளும் அதன் காதுகளை இறுகப் பொத்தியிருந்தன.