வளைவில் போலீஸ்

மறுபடியும் ஹெட்லைட்டை அடித்தார் டிரைவர் சிமியு. பளிச், பளிச் என்று இரண்டு தடவை.

எதிரே பறந்து வந்த உகாண்டா லாரி சட்டென்று வேகத்தைக் குறைத்தது.

அவருக்குப் பக்கத்து சீட்டில், மடியில் ஃபைலோடு உட்கார்ந்திருந்த வஞ்சேரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பள்ளிக்கூட வளைவைத் தாண்டியதிலிருந்து இது ஆறாவது வண்டி.

"எதுக்கு அடிக்கிறீங்க?"

"வளைவுல போலீஸ் ஒளிஞ்சு நிக்குதுன்னு சொல்றேன் மேடம். வழக்கந்தானே?"

வழக்கம்தான். எதிரே வருபவன் லைட் அடித்தால் முன்னால் போலீஸ் என்று அர்த்தம். கென்யாவில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் கால் தானாக பிரேக்குக்குப் போகும்.

"நான் யாருன்னு தெரியுமா?" அடையாள அட்டையை நீட்டினாள்.

எட்டு ஆப்பிரிக்க நாடுகளில் சாலைச் சட்டங்கள் எப்படி அமலாகின்றன என்று ஆராயும் குழுவின் தலைவி அவள். ஆபீஸ் கார் மத்தியானம் படுத்துவிட்டதால்தான் ஊர் ஜனங்களோடு இந்த மட்டாட்டு ஷேர் வேன்.

"எட்டு நாட்டுலயும் சட்டம் தங்கமா இருக்கு. உங்களை மாதிரி ஆளுங்கதான் அதைக் குட்டிச்சுவராக்குறீங்க. காலைல இதே ரோட்டுல எங்க வெள்ளை காருக்கும் எவனோ அடிச்சான். எங்க டிரைவரும் உடனே வேகத்தைக் குறைச்சிட்டார்! என்ன, கோஷ்டியாவே கிளம்பிட்டீங்களா? நிறுத்துங்க வண்டியை. உங்க லைசென்ஸ் இன்னிக்கே போகுது."

சிமியு ஓரங்கட்டினார்.

"போனா போகட்டும் மேடம். கையில இருக்கிற வரைக்கும் அடிப்பேன்."

"எவ்வளவு திமிர்!"

பின்சீட்டில் வெங்காய மூட்டையோடு இருந்த நெக்கேசா எட்டிப் பார்த்தாள். "ஏம்மா, அந்தத் தம்பிக்கு இந்த ஸ்டியரிங்கை விட்டா வேற பொழைப்பு கிடையாது. வீட்டுல மூணு புள்ளைங்க. விட்டுடு தாயி, சந்தைக்கும் நேரமாச்சு."

வஞ்சேரி யார் பேச்சுக்கும் மசிகிறவள் இல்லை. ஸ்டேஷனுக்குப் போன் போட்டாள். வேனில் எல்லோரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டாள்.

"இன்ஸ்பெக்டர், பள்ளிக்கூட வளைவுல ஒளிஞ்சு நிக்கிற உங்க ஆளுங்களை ஒரு டிரைவர் காட்டிக்கொடுக்கிறார். அவங்களை இங்க அனுப்புங்க."

மறுமுனையில் கனைப்பு.

"பள்ளிக்கூட வளைவா? அங்க நம்ம ஆளுங்க யாரும் இல்லையே மேடம்."

"தினமும் ரெண்டு பேர், வேகம் அளக்கிற கருவியோடன்னு நீங்கதானே கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க? இதோ என் மடியில இருக்கு."

"அது வந்து... ரிப்போர்ட்டுக்காக எழுதினது மேடம். கருவி கெட்டுப்போய் நாலு வருஷமாச்சு. ஆளும் பத்தல."

முதலில் சிரித்தது நெக்கேசாதான்.

"அடப்பாவி சிமியு! நாலு வருஷமா எங்களையும் சேர்த்தா ஏமாத்தினே?"

வஞ்சேரி போனை வைத்தாள். "இல்லாத போலீஸுக்கு எதுக்கய்யா லைட்டு?"

"அந்த வளைவுல வேகத்தடை கேட்டு ஆறு மனு குடுத்தோம் மேடம். தடை வரல, வண்டி மோதி ஒரு புள்ளை உசுரு போனதுதான் மிச்சம். 'புள்ளைங்க ரோட்டைத் தாண்டுது, மெதுவா போ'ன்னா எவனும் கேக்க மாட்டேங்கிறான். போலீஸுன்னா கேக்குறான். அதான் ஸ்கூல் தொடங்குற நேரமும் விடுற நேரமும் விடாம அடிக்கிறேன். அதுக்கப்புறம் ஒரு புள்ளை மேல கீறல் படல."

வஞ்சேரி ஃபைலை மெல்ல மூடினாள்.

"அப்ப காலைல எங்க காருக்கு அடிச்சது...?"

"நான்தான் மேடம். நூறுக்கு மேல பறந்து வந்துச்சு உங்க வெள்ளை காரு. வளைவுக்கு அந்தப் பக்கம் அப்பத்தான் புள்ளைங்க ரோட்டுல இறங்கியிருந்தாங்க."